திரையில் நம் பாட்டன்மார்

வரலாற்றுப் படம் என்றால் நம் மக்களுக்குத் தனியொரு பிரியம் உண்டு. ஊரை விட்டு வந்து பம்பாயிலும் பெங்களூரிலும் டில்லியிலும் குடியேறிய குடும்பங்களுக்கு அந்தப் பிரியம் இன்னும் ஒரு பங்கு அதிகம். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வருவதுகூடக் கைக்கு எட்டாத வீடுகளில், சோழனையும் கட்டபொம்மனையும் திரையில் பார்த்துவிட்டு வரும் நாள் ஒரு திருநாள். நாமும் ஒரு காலத்தில் ஆண்டவர்கள்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்புகிறோம். மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறோம்.

இந்தப் பிரியத்தைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகள் மராத்தியிலும் கன்னடத்திலும் இந்தியிலும் படிக்கிறார்கள். அவர்களுடைய பாடப் புத்தகத்தில் தமிழர் வரலாறு சில பக்கங்களோடு முடிந்துவிடுகிறது. வீட்டில் உட்கார வைத்துச் சொல்லித் தரத் தாய் தகப்பனுக்கு நேரமில்லை. பாட்டன் பாட்டி ஊரில் இருக்கிறார்கள், அல்லது மண்ணுக்குள் போய்விட்டார்கள். ஆகவே நம் பிள்ளைகளுக்கு வரலாற்று வாத்தியார் யார் என்று கேட்டால், சினிமாதான். அந்த வாத்தியார் எதைச் சொல்லிக் கொடுக்கிறார், எதை விழுங்கிவிட்டுப் போகிறார் என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பவர்களும் நாம்தானே?

முன்பு இந்தக் கேள்விக்கு அவசரம் இல்லை. படங்கள் மன்னர்களைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தன. இப்போது திரை நம் பக்கமும் திரும்பியிருக்கிறது. தேயிலைத் தோட்டத்துக் கூலியும், கோலார் தங்கவயல் தொழிலாளியும், தாராவிக் குடிசைவாசியும் கதைக்குள் வந்துவிட்டார்கள். வேலை தேடி வெளியேறிய நம் பாட்டன்மார் எப்படி வாழ்ந்தார்கள் என்று கோடிக்கணக்கில் செலவழித்துப் படம் எடுத்துக் காட்டுகிறார்கள். உடையைச் சரியாகக் காட்டுகிறார்கள், குடிசையைச் சரியாகக் காட்டுகிறார்கள், விளக்கையும் வண்டியையும்கூடத் தேடிப் பிடித்துக் காட்டுகிறார்கள். அந்த மனிதர்கள் செய்த காரியங்களை மட்டும் காட்டாமல் விட்டுவிடுகிறார்கள். நம் வழக்கு அதுதான்.

கோட்டையும் கொத்தளமும்

முதலில் மன்னர் படங்களைப் பார்ப்போம். 1959இல் பி. ஆர். பந்துலு எடுத்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தின் வசனத்தில் நாலு வரி சொல்லத் தெரியாத பெரியவர் நம் வீடுகளில் அரிது. அந்தப் படத்தின் போர்க் காட்சிகளை ஜெய்ப்பூருக்குப் போய் எடுத்தார்கள். திரையில் தெரிவது ராஜஸ்தானத்து மிடுக்கு. உண்மையான பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் மதில் மண்ணால் ஆனது. அந்த மண் மதிலை வைத்துக்கொண்டுதான் பாளையக்காரர்கள் பீரங்கி வைத்திருந்த கும்பினிப் படையை எதிர்த்து நின்றார்கள். 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகும், மீண்டும் எழுந்த அந்தக் கோட்டையை 1801இல் பெரும் படை கொண்டுவந்துதான் வெள்ளையர் பிடிக்க முடிந்தது. பிடித்தபின் தரைமட்டமாக்கினார்கள். மண் கோட்டையை மண் கோட்டையாகவே காட்டியிருந்தால் அந்த மக்களின் வீரம் கூடித்தான் தெரிந்திருக்கும். மன்னன் என்றால் பளிங்கு மண்டபம் வேண்டும் என்று படம் எடுப்பவரும் நினைத்தார், பார்க்கிற நாமும் நினைத்தோம்.

பேச்சும் அப்படித்தான். நம் வரலாற்றுப் படங்களில் மன்னர் பேசும் அடுக்குத் தமிழ் எந்த மன்னரும் பேசிய தமிழ் என்று யாராலும் சொல்ல முடியாது. 1937இல் ‘அம்பிகாபதி’க்கும் 1942இல் ‘கண்ணகி’க்கும் இளங்கோவன் எழுதிய உரையாடல்களில் வேர்விட்டு, பிறகு திராவிட இயக்க எழுத்தாளர்களின் கையில் கிளை பரப்பிய தமிழ் அது. 1950இல் ‘மந்திரி குமாரி’யில் மு. கருணாநிதி எழுதியது பழைய குண்டலகேசிக் கதை. ஆனால் கொட்டகையில் கைதட்டியவன் தன் காலத்து ஆட்சியை நினைத்துக் கைதட்டினான். 1958இல் ‘நாடோடி மன்னன்’ படத்தில் அரியணையில் அமர்ந்த நாடோடி மக்களுக்காக அறிவித்த சட்டங்கள் ஒரு கட்சியின் தேர்தல் அறிக்கை போலவே ஒலித்தன.

இதில் தவறு எதுவும் இல்லை. வரலாற்றுப் படம் எந்தக் காலத்தைக் காட்டினாலும், அது எடுக்கப்பட்ட காலத்தைப் பற்றித்தான் பேசும். தணிக்கைக்காரரின் கத்தரிக்கோலைத் தாண்டி ஒரு கருத்தைச் சொல்ல, ராஜா காலத்து உடை ஒரு போர்வையாகப் பயன்பட்டது. அந்தப் படங்கள் வந்த நாளில் நம் தகப்பன்மாருக்கு அவை சுயமரியாதையைக் கற்றுக் கொடுத்தன. அதை நாம் நன்றியோடு நினைக்கிறோம்.

கல்லில் இருப்பவர் திரையில் இல்லை

ஆனால் மன்னர் படத்திலும் ஒரு குறை தொடர்ந்து வருகிறது. உழைப்பவன் அங்கே கூட்டமாக மட்டுமே வருவான். மன்னன் வாழ்க என்பான், ஈட்டி பிடிப்பான், போரில் விழுவான். அவனுக்குப் பெயர் கிடையாது. அந்தக் காலத்தில் சாதாரண மக்களைப் பற்றிக் குறிப்பே கிடையாது, நாங்கள் என்ன செய்வோம் என்று திரையுலகினர் சொல்லலாம். இது உண்மையா?

1973இல் ‘ராஜராஜ சோழன்’ வந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் அது. 2022இலும் 2023இலும் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டு பாகமாக வந்தது. இரண்டிலும் நாயகராக வரும் அதே ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரைப் போய்ப் பாருங்கள். பல ஊர்க் கோயில்களிலிருந்து அங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள் ஒன்றுவிடாமல் வெட்டப்பட்டிருக்கின்றன. யார் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு அவளுக்கு என்பதுவரை கல்லில் இருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்கு. அவர்களோடு மேளம் அடிப்பவர், தைப்பவர், குயவர், வண்ணார், நாவிதர், கணக்கர் ஆகியோருக்கு உரிய பங்கும் எழுதப்பட்டிருக்கிறது. அதே சுவரில், வரி நீக்கிய நிலங்களின் கணக்கில், பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் இடங்கள் தனியே சொல்லப்படுகின்றன.

மன்னனின் கல்வெட்டிலேயே இவர்களெல்லாம் இருக்கிறார்கள். அவர்களும் ஊர் விட்டு ஊர் கொண்டுவரப்பட்டு, லைன் வீட்டில் இடம் கொடுக்கப்பட்டு, படியளக்கப்பட்டவர்கள்தான். நம்மைப் போன்றவர்கள் என்று சொன்னாலும் பொருந்தும். ஆயிரம் ஆண்டு கடந்தும் பெயர் அழியாமல் கல்லில் இருக்கும் இந்தப் பெண்களில் ஒருத்தியின் கதையை எடுக்க எவருக்கும் தோன்றவில்லை. தீண்டாச்சேரி என்ற சொல் எந்தச் சோழர் படத்தின் வாயிலும் நுழையவில்லை. சான்று இல்லாததால் விட்டுப்போனது என்பதை நாம் ஏற்பதற்கில்லை. சான்று இருக்கிறது, பார்க்கும் கண்தான் இல்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். திரையில் நாம் வியக்கும் அரண்மனைகளைக் கட்டுபவர்கள் யார்? தச்சர்கள், கொல்லர்கள், சாயம் அடிப்பவர்கள், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தூணும் சிற்பமும் வார்க்கும் தொழிலாளர்கள். ஒரு மாதம் கட்டி, பத்து நாள் படம் பிடித்து, ஒரே நாளில் பிரித்துவிடும் வேலை அது. ‘பொன்னியின் செல்வன்’ அரண்மனையைப் பார்த்து வியந்தவர்கள் கலை இயக்குநர் தோட்டா தரணியின் பெயரைச் சொன்னார்கள், சொல்ல வேண்டியதுதான். ஆணி அடித்தவனின் பெயரையும் ஒருநாள் சொல்லப் பழகுவோம்.

தாராவியைச் சென்னையில் கட்டினார்கள்

அதே தோட்டா தரணி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நமக்கு இன்னும் நெருக்கமான ஓர் இடத்தைக் கட்டினார். 1987இல் வந்த ‘நாயகன்’ படத்துக்காகத் தாராவியைச் சென்னை வீனஸ் ஸ்டூடியோவுக்குள் எழுப்பினார். தகரக் கூரை, சாக்கடை, சந்து, தண்ணீர்க் குழாய் எல்லாம் அப்படியே இருந்தன. அதற்குத் தேசிய விருது கிடைத்தது, தகுதியான விருதுதான். தாராவியில் பிறந்தவர்களே பார்த்து மயங்கினார்கள்.

சந்தை அச்சாகக் கட்டிய படம், சந்தில் வாழ்ந்தவர்களை எப்படிக் காட்டியது? ஐம்பதுகளிலிருந்து எண்பதுகள் வரை போகும் கதையில், தாராவித் தமிழன் ஒரு தாதாவின் வாசலில் மனுக் கொடுத்து நிற்பவனாகவே வருகிறான். அவனுக்கு நல்லது நடந்தால் அது நாயகர் தயவு. ஆனால் நம் தாராவி எப்படி உண்டானது? திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோல் பதனிட்டு உண்டாக்கியது. சங்கம் வைத்தார்கள், கோயில் கட்டினார்கள், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி கேட்டு மாநகராட்சியின் படியேறினார்கள். 1966இல் பிறந்த சிவசேனை தென்னிந்தியருக்கு எதிராகக் கூச்சல் எழுப்பியபோது, அடியும் வாங்கிக்கொண்டு இடத்தை விடாமல் நின்றார்கள். 1982 ஜனவரியில் அந்தப் பெருநகரத்தின் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திய நாளையும் கண்டார்கள். இதில் எது அந்தப் படத்தில் இருக்கிறது? ஒரு நல்ல படம், பெரிய நடிகர், அரிய கலைஞர்கள். ஆனால் அதைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளையிடம், தாராவித் தமிழனின் பெருமை என்ன என்று கேட்டால் ஒரு கடத்தல்காரரின் பெயரைச் சொல்கிறான்.

தங்கவயலில் நடந்ததும் திரையில் நடந்ததும்

இதைவிடப் பெரிய அநியாயம் கோலார் தங்கவயலுக்கு நடந்தது. 2018இலும் 2022இலும் இரண்டு பாகமாக வந்த ‘கே.ஜி.எஃப்.’ கன்னடப் படம், தமிழிலும் பேசி நாடெங்கும் ஓடியது. 1951இல் ஒரு முதலாளி தங்கத்தைக் கண்டுபிடிக்கிறான், சுண்ணாம்புக்கல் வெட்டுவதாகப் பொய் சொல்கிறான், ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்து அடைத்து அடிமைகளாக வேலை வாங்குகிறான். வாய் பேசாத அந்தக் கூட்டம் பம்பாயிலிருந்து ஒரு வீரன் வரும்வரை காத்திருக்கிறது. அவன் வந்ததும் அவனையே கடவுளாக்குகிறது. கதை கற்பனைதான், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஊரின் பெயர் கற்பனையா? சயனைடு கலந்த அந்த மண்மேடுகள் கற்பனையா? நம் ஊரின் பெயரையும் நம் ஊரின் மண்ணையும் எடுத்துக்கொண்டு நம் பாட்டனை மட்டும் ஊமையாக்கினால், கேட்காமல் இருப்பது எப்படி?

நடந்தது இது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தொடங்கியது. வடார்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம்மவர்கள், அவர்களில் மிகப் பலர் ஆதிதிராவிட மக்கள், போய் இறங்கினார்கள். 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வெள்ளைக்காரர் பங்களாவில் விளக்கு எரிந்தது. கூலி லைனில் அப்போது எரியவில்லை. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டியது. பாறை திடீரென்று வெடித்துச் சிதறும், மேலே வீட்டுப் பாத்திரங்கள் உருளும், எந்தத் தெருவில் சாவு என்று பெண்கள் ஓடி வருவார்கள். தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய், நாற்பதுகளில் நடந்த சோதனையில் பார்க்கப்பட்டவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் இருந்தது.

இத்தனைக்கும் நடுவே அந்த மனிதர்கள் என்ன செய்தார்கள்? 1930இல், திருடர்களைப் போலத் தங்களைக் கைரேகை வைத்துப் பதிவு செய்யக் கம்பெனி முனைந்தபோது வேலையை நிறுத்தினார்கள். 1946இல் மீண்டும் போராடினார்கள். அந்த நவம்பரில் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் மாண்டார்கள். அவர்களுக்கு அங்கே இன்றும் நினைவு நாள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பௌத்த சங்கம் வைத்து, சாதி இழிவு எங்கிருந்து வந்தது என்று விவாதித்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் நடத்திய ‘தமிழன்’ ஏட்டுக்கு, அவர் 1914இல் மறைந்த பிறகு, ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் சாம்பியன் ரீஃபில் மறுவாழ்வு கொடுத்தார்கள். சுரங்கத் தொழிலாளி கூலியில் மிச்சம் பிடித்துச் சந்தா கட்டிய ஏடு அது. 1954இல் டாக்டர் அம்பேத்கர் அங்கே வந்தார். கம்யூனிஸ்டுகளையும் ரிபப்ளிகன் கட்சிக்காரர்களையும் அண்ணா தி.மு.க.வினரையும் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி அது.

ஏடு நடத்தியவனை எழுத்தறியாதவனாகவும், சங்கம் கண்டவனை ஒரு வீரனுக்காகக் காத்திருப்பவனாகவும் காட்டுவது சின்னப் பிழையா? மண்மேட்டின் நிறத்தை அவ்வளவு கவனித்துப் படம் பிடித்தவர்கள் இதையும் கவனித்திருக்கலாம்.

2024 ஆகஸ்டில் பா. இரஞ்சித் இயக்கிய ‘தங்கலான்’ வந்தது. அதே தங்கவயல் மண், ஆனால் வேறு பார்வை. வடார்க்காட்டு வேப்பூரில் சொந்த நிலத்தை மிராசிடம் பறிகொடுத்தவன், பங்கு கிடைக்கும் என்று வெள்ளைக்காரனை நம்பித் தங்கம் தேடிப் போகிறான். ஏன் ஊரை விட்டுப் போனார்கள் என்ற காரணத்தை, நிலம் பறிபோனது என்ற காரணத்தை, அந்தப் படம் நேராகச் சொன்னது. பேச்சில் வடார்க்காட்டு மண் வாசனை இருந்தது. முதன்முதலாக ரவிக்கை அணியும் பெண்களின் மகிழ்ச்சியைக் காட்டிய காட்சியில் நம் பாட்டிமார் சிரித்தார்கள். தங்கம் எங்கே என்ற அறிவு வெள்ளைக்காரனுடையது மட்டும் இல்லை என்பதையும் காட்டியது. அது உண்மையும்கூட, 1802இல் வாரன் என்ற வெள்ளை அதிகாரி மாரிக்குப்பம் பக்கம் வந்தபோதே, உள்ளூர் மக்கள் குழியில் இறங்கிக் கல் எடுத்து அரைத்து அலசிப் பொன் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆயினும் அந்தப் படமும் மாயமும் கனவுமாகப் போய், சுரங்கம் தோன்றும் முன்பே நின்றுவிடுகிறது. ஷிப்டு, மேஸ்திரி, வெளியே வரும்போது உடம்பைத் தடவிச் செய்யும் சோதனை, சங்கக் கூட்டம் ஆகியவை தொடங்குவது அதற்குப் பிறகுதான். அந்தக் கதையை எடுக்க ஆள் இன்னும் வரவில்லை.

உடைக்கு விருது, சங்கத்துக்கு இடமில்லை

தேயிலைத் தோட்டத்துக்கு வருவோம். 2013இல் பாலா இயக்கிய ‘பரதேசி’ படத்தைப் பார்த்துவிட்டு அழாமல் எழுந்தவர் குறைவு. கங்காணியின் இனிப்புப் பேச்சு, பல நாள் நடை, கணக்கில் தீராத கடன், தப்பி ஓடினால் கால் நரம்பு வெட்டு. இவை நடந்தவைதான். சாக்குத் துணி போன்ற அந்த உடைகளுக்காக உடை அமைப்பாளர் பூர்ணிமா ராமசாமிக்குத் தேசிய விருது கிடைத்தது. பழைய துணியின் கிழிசலையும் அழுக்கையும் அவ்வளவு நேர்மையாகச் செய்திருந்தார்கள்.

அந்தப் படத்துக்கு மூலம் 1969இல் வெளிவந்த ‘ரெட் டீ’ என்ற ஆங்கில நாவல். ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் இரா. முருகவேள் அதைத் தமிழாக்கினார். எழுதியவர் பி. எச். டேனியல் என்ற மருத்துவர். ஆனைமலைத் தோட்டங்களில் பல ஆண்டு வேலை பார்த்து, நோயாளிகள் வாயாலேயே பழைய கதைகளைக் கேட்டுக் குறித்துவைத்தவர். அதோடு நிற்காமல் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவர்களில் ஒருவர். அந்த மருத்துவரின் புத்தகத்திலிருந்து பிறந்த படத்தில் மருத்துவர் என்ன ஆனார்? மதம் மாற்றுவதற்காக ஆடிப் பாடும் கேலிப் பாத்திரமாக ஆனார். சங்கம் மருந்துக்கும் இல்லை. மலையேறியவன் மலையிலேயே சாக வேண்டியதுதான் என்று கதறி முடிகிறது படம்.

படம் காட்டும் காலத்தில் சங்கம் அங்கே வரவில்லை என்று சொல்லலாம். இருக்கட்டும். அதற்குப் பிறகு வந்ததே! 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்ததே! வீடு, குடிநீர், ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளி, குழந்தை மடுவம் இவையெல்லாம் முதலாளியின் கடமை என்று சட்டம் சொன்னதே! அது தானாக வானத்திலிருந்து விழுந்ததா? கதறலை மட்டும் எடுத்து, கதறியவன் எழுந்து நின்றதை எடுக்காவிட்டால், பார்க்கும் பிள்ளைக்கு நம் மேல் இரக்கம் வரும். பெருமை வராது.

எடுக்க முடியும் என்பதற்குச் சாட்சி

இப்படியெல்லாம் எடுத்தால் படம் ஓடாது, பாடம் நடத்துவது போலாகிவிடும் என்பார்கள். 2021இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’யை இதற்குப் பதிலாகச் சொல்கிறோம். எழுபதுகளின் வடசென்னை, நாயகன் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளி. சுவரில் கட்சி விளம்பரம், தோளில் துண்டு, அவசரநிலை, 1976 ஜனவரி 31இல் கலைக்கப்பட்ட தி.மு.க. ஆட்சி, சண்டை மேடையிலேயே வந்து நிற்கும் போலீஸ், எல்லாம் கதையோடு கதையாக வருகின்றன. அந்த மக்களுக்குச் சொந்தமாக ஒரு கலை இருந்தது, பரம்பரை இருந்தது, வாத்தியார் இருந்தார், அரசியல் இருந்தது, அவர்களுக்குள்ளேயே சாதிச் சண்டையும் இருந்தது. யாரும் வெளியிலிருந்து வந்து காப்பாற்றவில்லை. அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பார்த்துவிட்டு, ஆமாம் இப்படித்தான் இருந்தது என்றார்கள். படம் ஓடவும் செய்தது. ஆகவே முடியாது என்பது சாக்கு.

சினிமா பொழுதுபோக்குக்குத்தானே, இதற்குப் போய் இவ்வளவு பேச்சா என்று நம்மவர்களிலேயே சிலர் கேட்பார்கள். தங்கவயல் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அதன்பின் அந்தக் குடும்பங்கள் வீட்டு உரிமைக்கும் பாக்கிப் பணத்துக்கும் வழக்கும் மனுவுமாக அலைந்தன. பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பினார்கள். அரசாங்கத்தின் முன் போய் நின்று, 121 ஆண்டு நாங்கள் உழைத்த ஊர் இது என்று சொல்லும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் இளம் அதிகாரியின் மனத்தில் என்ன படம் ஓடும்? அவர் கண்டது சங்கிலி பூட்டிய அடிமைகளும் துப்பாக்கி ஏந்திய வீரனும்தான். உரிமை கேட்டு வாங்கிய பரம்பரை என்று அவருக்கு யார் சொன்னார்கள்? வரலாறு பறிபோனால், கூடவே வழக்கும் பலமிழக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

படத்தைத் தடை செய் என்றோ, திரையைக் கிழி என்றோ நாம் சொல்லவில்லை. அது நமக்கு வழக்கமும் இல்லை. பாருங்கள், குடும்பத்தோடு பாருங்கள். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து நாலு கேள்வி கேளுங்கள். இந்தப் படத்தில் சமைத்தது யார், சுமந்தது யார்? அவர்களுக்குப் பெயர் இருந்ததா? அவர்கள் தாமாக எதையாவது செய்தார்களா, அல்லது ஒருவர் வந்து செய்யும்வரை நின்றார்களா? அந்த ஆண்டில் அந்த ஊரில் உண்மையாக என்ன நடந்தது? நாலாவது கேள்விக்கு விடை தெரியாவிட்டால், தெரிந்த பெரியவரிடம் பிள்ளையையே அனுப்புங்கள்.

இரண்டாவது காரியம் இன்னும் அவசரமானது. நாளைக்கு ஒரு நல்ல இயக்குநர் வந்து, உங்கள் பாட்டன் கதையைச் சொல்லுங்கள், எடுக்கிறேன் என்றால் நம் கையில் என்ன இருக்கிறது? டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, சுரங்கத்து டோக்கன், மில் அடையாள அட்டை, ரேஷன் கார்டு, வேலைநிறுத்த நோட்டீஸ், மேடையில் மாலையோடு நிற்கும் மங்கிப்போன புகைப்படம், ஊரிலிருந்து வந்த இன்லண்டு கடிதம், இவைதான் நம் கல்வெட்டுகள். வீடு மாற்றும்போதும் குடிசை இடிபடும்போதும் இவற்றைத்தான் முதலில் பழைய பேப்பர்காரனிடம் போடுகிறோம். ராஜராஜன் கல்லில் வெட்டிவைத்தான், அதனால் 400 பெண்களின் பெயர் நின்றது. நமக்குக் கல் இல்லை. காகிதத்தையாவது காப்போம்.

ஒவ்வொரு கிளைச் சங்கமும் ஒரு அலமாரி ஒதுக்கட்டும். கிடைக்கும் தாள்களை ஆண்டு வாரியாக அடுக்கி, ஒரு பிரதி எடுத்துவைத்துக்கொண்டு அசலை உரியவரிடமே திருப்பிக் கொடுக்கட்டும். எழுபது வயது கடந்த ஆண்களையும் பெண்களையும் இளைஞர்கள் போய்ப் பார்த்து, அவர்கள் பேசுவதைக் கைப்பேசியிலேயே பதிவு செய்யட்டும். எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யார் கூட்டி வந்தார், முதல் சம்பளம் எவ்வளவு, முதல் கூட்டம் எங்கே நடந்தது என்று கேட்டு எழுதட்டும். பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். தண்ணீருக்கும் ரேஷனுக்கும் பள்ளிக்கும் நடந்த போராட்டங்களில் முன்னால் நின்றது அவர்கள்தான். அவர்களைப் பற்றித்தான் ஒரு வரிகூட எங்கும் இல்லை.

மன்னர்களின் கதையை எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் பாட்டன் பாட்டியின் கதைக்கு நாம்தான் சாட்சி. வரும் மாதம் கிளைக் கூட்டத்துக்கு வரும்போது வெறுங்கையோடு வராதீர்கள் தோழர்களே. பெட்டியைத் திறந்து, ஒரு தாளையாவது எடுத்து வாருங்கள்.